கிளம்பும் முன் ஒரு சுற்று: வாசகர் கேள்வி பதில்

விமானம் பறக்கும் முன் நடக்கும் பராமரிப்புச் சோதனைகள் பற்றிக் கொங்குப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பதில் தருபவர்கள் விமானப் பராமரிப்புத் துறையில் இருப்பவர்கள்.

கேள்வி: பீளமேட்டு ஏர்போர்ட்ல கண்ணாடி வழியா பார்த்துட்டு இருந்தேன். பைலட் ஒருத்தர் பளபளன்னு ஒரு ஜாக்கெட் மாட்டிட்டு விமானத்தைச் சுத்தி வந்தார். கொஞ்ச நேரத்துல இன்ஜினியரும் அதே மாதிரி சுத்தினார். ஒரே வேலையை எதுக்குங்க ரெண்டு பேர் செய்யறாங்க?
கல்லூரி மாணவி, காளப்பட்டி

சுற்றுவது ஒரே விமானத்தை, தேடுவது வேறு வேறு. 'இந்தப் பயணத்துக்கு இதை எடுத்துக்கொண்டு போகலாமா' என்பதுதான் பைலட்டின் கேள்வி. கவர் ஏதாவது கழற்றாமல் கிடக்கிறதா, மூடிகள் பூட்டியிருக்கின்றனவா, எங்காவது ஒழுகுகிறதா, பறவை அடித்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பார். பொறியாளர் அளவைப் பார்க்கிறார். டயரின் காற்றழுத்தம், என்ஜின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், பிரேக் தேய்மானம் என ஒவ்வொன்றுக்கும் மானுவலில் ஒரு எல்லை உண்டு. எல்லைக்குள் இருந்தால் டெக் லாக் என்ற பராமரிப்புப் பதிவேட்டில் கையெழுத்து, தாண்டியிருந்தால் விமானம் நிற்கும்.

சோதனைகளிலும் படிகள் உண்டு. இரண்டு பயணங்களுக்கு இடையே கிடைக்கும் அரை மணி, முக்கால் மணியில் செய்வது டிரான்சிட் செக். அதைவிட ஆழமானது டெய்லி செக், அதற்கும் மேலே வாரச் சோதனை. எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை நிறுவனத்தின் பராமரிப்புத் திட்டம் சொல்லும். அந்தத் திட்டத்துக்கு விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் ஒப்புதல் வேண்டும்.

நீங்கள் கவனித்திருப்பீர்கள், இருவரும் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் நடந்திருப்பார்கள். ஏர்பஸ் ஏ320 என்றால் மூக்கின் இடப்பக்கம் தொடங்கி, வலப்பக்க என்ஜின், வலது இறக்கை, வால், இடது இறக்கை என்று சுற்றி வருவார்கள். பாதை மாறாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. நடுவில் லோடர் வந்து ஏதோ கேட்பார், போன் அடிக்கும். பதில் சொல்லிவிட்டுத் திரும்பும்போது 'இதைப் பார்த்துட்டேன்' என்று மனசு பொய் சொல்லும். அதனால் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடாது. மூன்று படி பின்னால் போய் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி: எங்க தோப்புல பைப்பு நாலு நாள் சும்மா கிடந்தா குளவி மண்ணை அப்பி அடைச்சுடுது. விமானத்துலயும் குளவி கூடு கட்டும்னு படிச்சேன். நெசமாங்க? அவ்வளவு பெரிய விமானத்தைக் குளவி என்ன பண்ணிடும்?
தென்னை விவசாயி, பொள்ளாச்சி

நிஜம்தான். குளவி தேடுவது விரல் நுழையாத ஒரு துளையை. பிட்டோ குழாய் அதற்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது.

விமானம் வேகத்தை அறிவது இப்படி. எதிரே வந்து மோதும் காற்றின் அழுத்தத்தை மூக்கருகே நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய் வாங்குகிறது. சுற்றியிருக்கும் அமைதியான காற்றின் அழுத்தத்தை உடம்பின் பக்கவாட்டில் உள்ள ஸ்டாட்டிக் துளைகள் வாங்குகின்றன. இரண்டின் வித்தியாசம்தான் வேகம். ஏ320-இல் பிட்டோ மூன்று, ஸ்டாட்டிக் துளைகள் ஆறு. பிட்டோவின் வாயும் அதன் வடிகால் துளையும் அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் அழுத்தம் அப்படியே சிறைப்படும். விமானம் மேலே ஏற ஏற வெளி அழுத்தம் குறையும். வித்தியாசம் கூடுவதால், வேகம் ஏறுவதாகக் கருவி காட்டும். அதை நம்பி மூக்கைத் தூக்கினால் உண்மையான வேகம் விழுந்துகொண்டே போகும்.

1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவில் பிர்கன்ஏர் நிறுவனத்தின் போயிங் 757 இப்படித்தான் கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள். வாரக்கணக்கில் நின்றிருந்த விமானம் அது, பிட்டோவுக்குக் கவர் போடாமல் இருந்திருக்கிறது. குழாய்கள் கடலிலிருந்து கிடைக்கவில்லை என்றாலும், அந்தப் பகுதியில் சாதாரணமாகத் திரியும் மண் குளவி மீதுதான் விசாரணையின் சந்தேகம் விழுந்தது.

அதே வருடம் அக்டோபர் 2, பெரு நாட்டின் லீமா. ஏரோபெரு 603, அதுவும் 757தான். விமானத்தைக் கழுவி மெருகேற்றும்போது ஸ்டாட்டிக் துளைகளுக்குள் தண்ணீர் போகாமலிருக்க ஒட்டிய டேப்பைப் பிறகு உரிக்கவில்லை. வெள்ளி நிற உடம்பில் வெள்ளி நிற டேப், நேரம் இரவு, துளைகள் இருப்பதோ தலைக்கு மேலே. ஒட்டியவர், மேற்பார்வையாளர், பைலட் மூவர் கண்ணிலும் படவில்லை. உயரமும் வேகமும் தாறுமாறாகக் காட்ட, 70 பேரோடு கடலில் போனது. கழுவும்போது கையில் கிடைத்த டேப்பை ஒட்டக்கூடாது, பளிச்சென்ற நிறத்தில் வால் தொங்கும் மூடிதான் போட வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

கவர் போட்டால் மட்டும் போதுமா? ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குளவித் தொல்லைக்காகவே பிட்டோக்களுக்குக் கவர் போடுவார்கள். 2018 ஜூலை 18 அன்று மலேசியா ஏர்லைன்ஸின் ஏ330 ஒன்று மூன்று கவரும் போட்டபடியே அங்கே ஓடுபாதையை விட்டு எழும்பியது. வேகமே காட்டவில்லை. நல்லவேளையாகப் பத்திரமாகத் திரும்பி இறங்கியது. ஆகவே கவரை எண்ணிப் போட்டு, டெக் லாக்கில் எழுதி, கழற்றும்போது திரும்ப எண்ணி, பெட்டியில் வைத்த பிறகுதான் அந்த வரியை மூட வேண்டும்.

கூடு இருப்பது தெரிந்தால் கம்பி விட்டுக் குத்துவதோ கம்ப்ரஸரில் காற்றடிப்பதோ கூடவே கூடாது. மண் உள்ளே போய் அமரும், மறுமுனையில் இருக்கும் கருவி பழுதாகும். மானுவல் சொல்கிறபடி குழாய்த் தொடர்பைப் பிரித்துவிட்டு, அதன் பிறகே சுத்தம் செய்து, கசிவுச் சோதனை முடித்து மாட்ட வேண்டும். பிட்டோவை வெறுங்கையால் தொடவும் வேண்டாம். உறையாமலிருக்க உள்ளே ஹீட்டர் உண்டு, தோல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுடும்.

கேள்வி: பட்டப்பகல்ல கூட டார்ச் அடிச்சுப் பாக்கறாங்களே, எதுக்கு?
வாசகர், சூலூர்

சித்திரை வெயிலில்தான் டார்ச் அதிகம் தேவை. கண் வெளிச்சத்துக்குப் பழகியிருக்கும்போது சக்கரக் கூண்டுக்குள் எல்லாமே கறுப்பாகத் தெரியும். ஹைட்ராலிக் குழாயின் கசிவு, என்ஜின் விசிறி இதழின் ஓரத்தில் விழுந்த சிறு வெட்டு இவையெல்லாம் சாய்வாக ஒளி விழுந்தால்தான் தெரியும். நேராக அடித்தால் பளபளப்பு மட்டுமே திரும்பி வரும்.

கேள்வி: கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்கேன். பம்ப் செட்டுக்கு மைக்ரான் கணக்குல வேலை செய்யறோம். விமானத்துக்கு ஒரு போல்ட் போடணும்னா அதுக்கு ஃபார்ம், சர்டிபிகேட், ஸ்டோர் சீட்டுன்னு ஒரு கட்டு காகிதம் வேணுங்கறாங்க. அளவு சரியா இருந்தா போதாதுங்களா?
பட்டறை உரிமையாளர், கணபதி

உங்கள் கையில் மைக்ரோமீட்டர் இருக்கும், அதனால் இந்த விஷயம் உங்களுக்கு உடனே பிடிபடும்.

1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390-இன் காக்பிட் கண்ணாடி, 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடம்பு வெளியே தொங்க, மற்றவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு இறக்கினார்கள். அவர் உயிர் பிழைத்தார். 27 மணி நேரத்துக்கு முன் மாற்றிய கண்ணாடி அது. 90 போல்ட் போட வேண்டிய இடத்தில் 84 போல்ட்டுகளின் விட்டம் தேவையானதைவிட 0.026 அங்குலம் குறைவு. மீதி 6 போல்ட்டுகள் விட்டம் சரி, நீளம் 0.1 அங்குலம் குறைவு.

எப்படி நடந்தது? கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அரை வெளிச்சமான ஒரு ஸ்டோரில், கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்திருக்கிறார்கள். பாகப் பட்டியலைத் திறந்து எண் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் பழைய போல்ட்டுகளே சரியானவை இல்லை, நீளம் குறைந்தவை. மரை விஷயத்துக்கு வாருங்கள். ஒன்று 10-32, மற்றது 8-32. இரண்டுக்கும் அங்குலத்துக்கு 32 மரை. பிட்ச் ஒன்றாக இருப்பதால் சிறியது பெரிய நட்டுக்குள் சுலபமாக ஏறும், இறுகுகிற மாதிரியே இருக்கும், ஆனால் மரை பிடித்திருப்பது நுனியில் மட்டும். இறுக்கும் விசையை அளக்கும் டார்க் கருவி 'கிளிக்' என்று வழுக்குவதும், மரை வழுக்குவதும் கைக்கு ஒரே மாதிரி தெரிந்திருக்கிறது.

இனிக் காகிதக் கட்டுக்கு வருவோம். அளவு என்பது போல்ட்டின் பாதி கதைதான். அது எந்த உலோகம், எந்த உருக்கு ஈடு, எப்படிச் சூடேற்றிப் பதப்படுத்தியது, பூச்சு எப்படி ஏற்றியது என்பது மைக்ரோமீட்டருக்குத் தெரியாது. ஒரு உதாரணம்: உயர்வலிமை எஃகுக்கு காட்மியம் பூச்சு ஏற்றும்போது ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்துவிடும். பூச்சு ஏற்றிய 4 மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து, சுமார் 190 டிகிரி செல்சியஸில் 23 மணி நேரம் வரை சுட்டு அதை வெளியேற்ற வேண்டும். அந்த ஒரு படியைத் தவிர்த்தால் போல்ட் அளவில் அட்சர சுத்தமாக இருக்கும், மாட்டும்போது ஒன்றும் ஆகாது. இறுக்கிச் சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் தலை தெறிக்கும். இந்தியாவில் பாகத்தோடு வரும் சிஏ ஃபார்ம் 1 என்ற காகிதம், இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார் என்பதற்கான சாட்சி.

மாட்டும்போதும் கடைப்பிடிக்கச் சில உண்டு. டார்க் ரெஞ்சின் காலிபரேஷன் தேதி முடிந்திருந்தால் அதைத் தொடக்கூடாது. ஸ்பிளிட் பின் ஒருமுறைதான், நிமிர்த்தி மறுபடி போடுவது கிடையாது. போல்ட் கழலாமல் கட்டிவைக்கும் லாக் ஒயர் அதை இறுக்கும் பக்கமாகவே இழுக்க வேண்டும், வழக்கமான 0.032 அங்குலக் கம்பிக்கு அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு. அதற்கு மேல் முறுக்கினால் கம்பி சோர்ந்து அறுந்துவிடும்.

கேள்வி: பெருந்துறை பைபாஸ்ல டயர் கடை வெச்சிருக்கோம். காருக்கு நைட்ரஜன் அடிக்கறது வியாபாரத் தந்திரம்னு சிலர் சொல்றாங்க. விமானத்துக்கு மட்டும் ஏன் கட்டாயம்? என்ன பிரஷர்?
டயர் கடைக்காரர், பெருந்துறை

காரைப் பற்றிய சண்டைக்குள் நாங்கள் வரவில்லை. விமானத்தில் அது உயிர்ப் பிரச்சினை.

1986 மார்ச் 31 அன்று மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 ஒன்று விழுந்து 167 பேர் இறந்தார்கள். ஒரு பிரேக் விடாமல் உரசி, சக்கரம் பழுக்கக் காய்ந்திருந்தது. டயரில் இருந்தது நைட்ரஜன் அல்ல, சாதாரண அழுத்தக் காற்று. சூட்டில் ரப்பரிலிருந்து கிளம்பும் ஆவியும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து, சக்கரம் மடங்கி உள்ளே போன பிறகு வெடித்தன. எரிபொருள் குழாயும் ஹைட்ராலிக் குழாயும் அறுந்தன. அதன் பிறகு, டயருக்குள் ஆக்சிஜன் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க விதி வந்தது. நைட்ரஜனில் ஈரமும் இல்லை, உயரத்துக் குளிரில் உள்ளே பனி கட்டாது, வீல் துருப்பிடிக்காது.

பிரஷர்? ஏ320 மெயின் வீலுக்குச் சுமார் 200 பிஎஸ்ஐ. துல்லியமான எண் விமானத்தின் எடையைப் பொறுத்தது, மானுவலில் பார்க்க வேண்டும். இறங்கி 3 மணி நேரமாவது ஆன பிறகு, டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். சூடான டயரில் அளந்துவிட்டு, அதிகம் என்று காற்றை இறக்கினால், காலையில் அது குறைந்து கிடக்கும். ஏறக்குறைய 3 டிகிரி செல்சியஸ் மாறினால் 1 சதவீதம் மாறும். மத்தியான வெயிலிலும் மார்கழிக் காலையிலும் ஒரே டயர் வேறு அளவு காட்டுவது இதனால்தான்.

டயர் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு: தேவையான அழுத்தத்தில் 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிரப்பினால் போதும். 90 முதல் 95 வரை என்றால் நிரப்பி, எழுதிவைத்து, 24 மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 80 முதல் 90 என்றால் அந்த டயரைக் கழற்ற வேண்டும். 80-க்கும் கீழே போனால் அதோடு அதே அச்சில் இருக்கும் ஜோடி டயரையும் கழற்ற வேண்டும். அந்த நேரமெல்லாம் பாரத்தைச் சுமந்தது ஜோடிதான், அதன் உள்நூல் நசுங்கியிருப்பது வெளியே தெரியாது. உங்களைப் போன்றவர்கள் வேலைக்குச் சேர்ந்தால் கையாலே தட்டிப் பார்த்து அழுத்தம் சொல்லிவிடுவீர்கள், அதை மட்டும் இங்கே செய்யாதீர்கள்.

ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரை நேராக டயருக்குக் கொடுப்பது உயிரோடு விளையாடுவது. பிரேக் சூடாக இருக்கும் சக்கரத்தை முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் அணுக வேண்டும், பக்கவாட்டில் போகக்கூடாது. வெடித்தால் துண்டுகள் தெறிப்பது பக்கவாட்டில். அதிகம் சூடானால் உருகி, காற்றை மெல்ல வெளியேற்றும் பியூசிபிள் பிளக் வீலில் உண்டு என்றாலும் அதை நம்பிப் பக்கத்தில் உட்கார முடியாது.

அங்கேயே பிரேக் தேய்மான ஊசியையும் பார்த்துவிடுங்கள். பார்க்கிங் பிரேக் போட்டு, ஹைட்ராலிக் அழுத்தம் இருக்கும்போதுதான் அது உண்மை சொல்லும். ஊசி முகப்போடு சமமாகிவிட்டால் பிரேக்கை மாற்ற வேண்டும்.

கேள்வி: சேலம் ஏர்போர்ட்டுக்கு வர்ற விசிறி வெச்ச விமானத்துல பயணிகள் இறங்கும்போது வலது பக்க என்ஜின் சத்தம் வருது, விசிறி மட்டும் சுத்தலை. பழுதுங்களா?
வாசகர், ஓமலூர்

பழுது இல்லை. நீங்கள் பார்த்தது ஏடிஆர் 72. அதில் தரையில் கரண்டும் குளிர்காற்றும் தரத் தனி சிறு என்ஜின் கிடையாது. வலது என்ஜினை ஓடவிட்டு, விசிறிக்கு மட்டும் பிரேக் போட்டு அதைச் சமாளிக்கிறார்கள், ஹோட்டல் மோட் என்று பெயர். சுற்றிப் பார்க்கிறவர்களுக்குத்தான் எச்சரிக்கை: விசிறி நிற்கிறதே என்று என்ஜின் நின்றுவிட்டதாக நினைத்து அதன் பின்னால் போனால், புகைபோக்கியின் அனல் முகத்தில் அடிக்கும். 72-600-இன் ஆறு இதழ்களும் கூட்டுப்பொருளால் ஆனவை. என்ஜின் முழுக்க நின்ற பிறகு, முன்விளிம்பில் கல் பட்ட வெட்டு, பனி தடுக்கும் பட்டை எழும்பியிருப்பது, இதழின் அடியில் எண்ணெய்க் கசிவு ஆகிய மூன்றையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விசிறியில் கண்ணைவிட விரல் நம்பகமானது.

கேள்வி: பெட்ரோல் பங்க் நடத்தறோம். தினமும் டேங்க்ல தண்ணி இருக்கான்னு பேஸ்ட் தடவிப் பாக்கறோம். விமானத்துல எப்படிப் பாப்பாங்க? லிட்டர்லயா கிலோவுலயா கணக்கு?
பங்க் உரிமையாளர், கரூர்

தத்துவம் உங்களுடையதேதான்: தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். டேங்கின் ஆகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் வால்வு இருக்கும். எரிபொருள் நிரப்பியவுடன் வடித்துப் பார்த்துப் பயனில்லை, கலங்கிய தண்ணீர் அடங்க நேரம் வேண்டும். இரவு முழுக்க நின்ற விமானத்தில் காலையில் நிரப்பும் முன் வடிப்பது நல்லது. வெள்ளைப் பரப்புக்கு மேலே பாட்டிலைப் பிடித்துச் சுழற்றினால் நடுவில் உருவாகும் சுழியின் அடியில் தண்ணீரும் தூசியும் கூடும். ஜெட் எரிபொருளுக்கு ஒரு சிறு மாத்திரைக் கருவியும் உண்டு, தண்ணீர் கலந்திருந்தால் மஞ்சள் நிறம் பச்சையாகும்.

பயிற்சி விமானங்களில் இது இன்னும் முக்கியம். செஸ்னா 172-இன் எஸ் மாடலில் மொத்தம் 13 வடிகால் இடங்கள், இறக்கைக்கு ஐந்தாகப் பத்து, வயிற்றின் கீழ் மூன்று. மாணவர்கள் நாலைந்து பார்த்துவிட்டு 'எல்லாம் சுத்தம்' என்பார்கள். அதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது: பாட்டில் முழுக்கத் தண்ணீராகவே வந்தால் அடியில் கோடு தெரியாது, கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அதனால் நிறம் பாருங்கள், மோந்தும் பாருங்கள். 100எல்எல் பெட்ரோல் இளநீலம். நிறமே இல்லாமல் தெளிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அளவு எப்போதும் எடையில்தான். எரிபொருள் லாரியான பவுசர் லிட்டரில் ஊற்றும், விமானம் கிலோவில் கேட்கும். நடுவில் நிற்பது அடர்த்தி. ஜெட் ஏ-1 லிட்டருக்கு 0.775 முதல் 0.840 கிலோ வரை இருக்கலாம். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்தது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஏர் கனடாவின் புது 767-க்கு 22,300 கிலோ வேண்டும். எரிபொருள் அளவைக் காட்டும் கருவி வேலை செய்யவில்லை, குச்சி விட்டு அளந்ததில் 7,682 லிட்டர் இருந்தது. லிட்டருக்கு 0.803 கிலோ என்று பெருக்குவதற்குப் பதில், பழக்கதோஷத்தில் லிட்டருக்கு 1.77 பவுண்டு என்ற எண்ணால் பெருக்கிவிட்டு, வந்ததைக் கிலோ என்று எழுதிக்கொண்டார்கள். ஊற்ற வேண்டியது 20,088 லிட்டர், ஊற்றியது 4,917 லிட்டர். 41,000 அடியில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற பழைய விமானத்தளத்தில் என்ஜின் இல்லாமலே சறுக்கி இறக்கினார்கள். உயிர்ச் சேதம் இல்லை. கணக்கைப் பார்த்தவர்கள் சரிபார்த்தது பெருக்கலை. அலகை யாரும் பார்க்கவில்லை.

கேள்வி: டெல்லிக்குப் பையரைப் பாக்கக் கிளம்பினேன். 'டெக்னிக்கல் ரீசன்'னு சொல்லி மூணு மணி நேரம் உக்கார வெச்சுட்டாங்க. சில நாள் அதே மாதிரி பழுதோடவே கிளம்பறாங்களாம். இது என்ன நியாயம்?
பனியன் ஏற்றுமதியாளர், திருப்பூர்

கோபம் நியாயம், காரணமும் இருக்கிறது. எந்தக் கருவி பழுதானால் கிளம்பலாம், எது பழுதானால் கூடாது என்பதற்கு எம்இஎல் என்ற பட்டியல் உண்டு. அதில் பி வகைப் பழுதை 3 நாளில் சரிசெய்ய வேண்டும், சி வகைக்கு 10 நாள், டி வகைக்கு 120 நாள், பழுது கண்ட நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஏ வகைக்கு அந்தந்த வரியிலேயே கெடு எழுதியிருக்கும். கழிப்பறை விளக்கு எரியாவிட்டால் போகலாம், பட்டியலில் இல்லாத பழுதோடு போக முடியாது. பாகம் கோவையில் இல்லையென்றால் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வர வேண்டும். மாட்டி, சோதித்து, கையெழுத்தாகும் வரை நேரம் ஓடும். கேட்டில் இருப்பவர் காரணத்தை விளக்கமாகச் சொல்லலாம், சொல்வதில்லை என்பது வருத்தம்தான்.

கேள்வி: ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியியல்) படிச்சிட்டு ஒரு லைன் ஸ்டேஷன்ல ட்ரெய்னியா இருக்கேன். நைட் ஷிப்ட்ல சீனியர் ஒருத்தர், 'நான் பார்த்துட்டேன், நீ டிக் போட்டுடு தம்பி'ன்னு சொல்றாரு. மறுத்தா மரியாதை இல்லாத மாதிரி ஆயிடுது. எப்படிங்கண்ணா சமாளிக்கறது?
பயிற்சியாளர், நாமக்கல்

மரியாதை வேறு, டிக் வேறு. 'அண்ணா, நீங்க பார்த்ததுக்கு நீங்களே போட்டுடுங்க, நான் இந்தப் பக்கம் பார்க்கறேன்' என்று சொல்லுங்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. கோபப்பட்டால் அந்த வரியை அவர் பார்க்கவில்லை என்று பொருள்.

கண் எட்டாத இடம் என்று ஒன்று இருக்கிறது. 1991 செப்டம்பர் 11 அன்று டெக்சாஸில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸின் எம்ப்ரேயர் 120 நடுவானில் உடைந்து 14 பேர் இறந்தார்கள். முந்தைய ஷிப்ட், வாலின் கிடைமட்ட இறக்கையில் முன்விளிம்பை மாற்றுவதற்காக மேல்பக்கத் திருகுகளைக் கழற்றியது. இடப்பக்கம் கழற்றிய 47 திருகுகள் பற்றி அடுத்த ஷிப்ட்டுக்கு எழுத்தில் எதுவும் போகவில்லை. வலப்பக்க வேலையை முடித்துவிட்டு விமானத்தை விட்டுவிட்டார்கள். அது டி வடிவ வால். தரையில் நின்று எத்தனை முறை சுற்றினாலும் அந்தத் திருகுகள் தெரியாது. எழுத்து மட்டும்தான் காட்டியிருக்க முடியும்.

கண் எட்டியும் தவறிய கதை 2013 மே 24, லண்டன் ஹீத்ரோ. ஏ319 ஒன்றின் இரு என்ஜின் மூடிகளையும் ஆயில் பார்க்கத் திறந்த இரவுக் குழு, கருவி எடுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து நின்றது வேறு விமானத்தின் அடியில். மூடி மூடியிருக்கிறதே, யாரோ வேலையை முடித்துவிட்டார்கள் என்று போய்விட்டார்கள். அந்தப் பூட்டுகள் என்ஜினின் அடிவயிற்றில் இருக்கின்றன, முட்டி போட்டுக் குனிந்தால்தான் தெரியும். காலையில் சுற்றிவந்த துணை பைலட்டும் கவனிக்கவில்லை. எழும்பும்போது மூடிகள் பிய்ந்து, ஒரு என்ஜின் தீப்பிடித்தது. உயிரிழப்பு இல்லாமல் இறக்கினார்கள்.

ஆகவே உங்கள் பழக்கத்துக்கு இவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறப்பதற்கு முன்பே 'திறந்திருக்கிறது' என்று டெக் லாக்கில் எழுதுங்கள், பிறகு எழுதலாம் என்று வைக்க வேண்டாம். திரும்பி வந்ததும் முதலில் வாலிலோ முன்சக்கரக் கதவிலோ இருக்கும் பதிவெண்ணை வாய்விட்டுப் படித்து, கையிலிருக்கும் ஜாப் கார்டோடு ஒப்பிடுங்கள். ஷிப்ட் மாற்றம் விமானத்தின் பக்கத்தில் நின்று, முகம் பார்த்து நடக்கட்டும், வாட்ஸ்அப் குரல் செய்தியில் வேண்டாம். ஸ்பானர் போன்றவற்றின் உருவம் வரைந்து மாட்டிவைக்கும் பலகையில் காலியான நிழல் ஒன்று இருந்தாலும் விமானம் நகரக்கூடாது. விமானத்தை ஏற்றி இறக்கித் திருப்பும் அசையும் பகுதிகளான கட்டுப்பாட்டுப் பரப்புகளைக் கழற்றி மாட்டியிருந்தால் இரண்டாவது ஆள் தனியாகப் பார்க்க வேண்டும். முதல் ஆள் சொல்லக் கேட்டுத் தலையாட்டுவது இரண்டாவது சோதனை ஆகாது.

ஆயில் அளவையும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். என்ஜின் நின்றதும் பார்த்தால் ஆயில் இன்னும் டேங்குக்குத் திரும்பியிருக்காது. பல மணி நேரம் கழித்துப் பார்த்தால் டேங்கிலிருந்து கியர்பாக்ஸுக்கு இறங்கியிருக்கும். இரண்டிலும் குறைவாகக் காட்டும், நீங்கள் அதிகமாக ஊற்றிவிடுவீர்கள். அந்தந்த என்ஜினுக்கு மானுவலில் நிமிடக் கணக்கு இருக்கிறது.

தேர்வுக்குப் படிக்கும்போது மாட்யூல் 9 மனிதக் காரணிகளையும் மாட்யூல் 10 சட்டத்தையும் 75 சதவீதம் வாங்கிக் கடந்துபோகிற பாடமாக எடுக்காதீர்கள். மேலே சொன்னதெல்லாம் அந்த இரண்டுக்குள்தான் இருக்கிறது.

கேள்வி: மஞ்சளுக்கு மருந்தடிக்க ட்ரோன் வாங்கியிருக்கோம், 10 லிட்டர் டேங்க். பறக்கவிடும் முன்ன நாங்களும் இந்த மாதிரி ஒரு செக் பண்ணணுங்களா?
விவசாயி, கோபிசெட்டிபாளையம்

கண்டிப்பாக. 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை உள்ளதை 2021 ட்ரோன் விதிகள் 'சிறிய' வகையில் வைக்கின்றன. விவசாயத்துக்கு ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்று வேண்டும், டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் வயல் எந்த வண்ணத்தில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கோவை, சூலூர் சுற்றுவட்டாரத்தில் இது இன்னும் அவசியம்.

கையில் எடுத்ததும் முதலில் விசிறி இதழ்கள். ஒவ்வொன்றையும் நுனியிலிருந்து அடிவரை நகத்தால் வருடுங்கள், கீறல் நகத்தில் மாட்டும். மாட்டினால் அந்த இதழை வெட்டிப் போடுங்கள், ஒட்டுவது கிடையாது. கை மடிப்புகளின் பூட்டு முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கையையும் ஆட்டிப் பாருங்கள். டேங்கைக் கால் அளவுக்கு மட்டும் நிரப்பினால் மருந்து அலைந்து ட்ரோன் தள்ளாடும். கம்பி வேலி, இரும்பு கேட், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்று திசைகாட்டியைச் சீர் செய்யாதீர்கள், அது தப்பாகப் படித்துக்கொண்டு வேறு பக்கம் ஓடும். ஆடிக்காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வேகம் நம் வயல் வரை இருக்கும், காலை வேளையில் முடித்துவிடுங்கள். மருந்தும் பக்கத்து வயலுக்குப் போகாது.

லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜில் செல்லுக்கு 4.2 வோல்ட். எல்லா செல்லும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும், ஒன்று மட்டும் 0.1 வோல்ட்டுக்கு மேல் தனியாக விலகியிருந்தால் அந்தப் பேட்டரியை ஒதுக்குங்கள். உப்பியிருந்தால் பேச்சே இல்லை. அடுத்த மருந்தடிப்புக்கு ஒரு மாதம் ஆகும் என்றால் முழுச் சார்ஜில் அடைத்து வைக்காமல், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில், வெயில் படாத இடத்தில், மருந்து டப்பாக்களை விட்டுத் தள்ளி வைத்துவிடுங்கள். மருந்து தெளிக்கும் நாஸில் முனைகளைத் தண்ணீரால் கழுவிக் காயவைத்துப் பிறகு மூடுங்கள், காய்ந்த மருந்து அடுத்த முறை ஒரு பக்க நாஸிலை அடைத்துவிடும்.